பிடிமண் வழக்கும் என் பொறாமையும்

என் மகனே,

நீ பக்கத்து அறையில் சட்டப் புத்தகங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறாய். கயிற்றை இழுத்து முடிச்சுப் போடும் சத்தம் இங்கே கேட்கிறது. எழுந்து வந்து நாலு வார்த்தை சொன்னால் முடிகிற விஷயம். ஆனால் வாயால் சொல்ல ஆரம்பித்தால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், அல்லது வேறு எதையாவது பேசிவிடுவேன். எழுதினால் திருத்தலாம். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் பிழைத்திருக்கிறேன்.

நேற்றுக் காலை காபி குடிக்கும்போது நீ கேட்டாய்: "அப்பா, செம்பூர் ஆபீஸை நீங்கதான் வந்து விளக்கேத்தித் திறந்து வைக்கணும். வருவேளோல்லியோ?" நான் "பார்க்கலாம்" என்று சொல்லிப் பேப்பரை விரித்துக்கொண்டேன். முடியாது என்று சொல்ல மனமில்லாதபோதுதான் அந்தச் சொல்லை நான் கட்சிக்காரர்களிடம் சொல்வேன் என்று உனக்குத் தெரியும். உன் மனைவிக்கும் கல்யாணமாகி வந்த இந்தச் சில மாதங்களில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீ செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாய். நீ படியிறங்கிய பிறகு உன் அம்மா என் எதிரில் வந்து நின்றாள். "பெத்த பிள்ளை மேலே பொறாமைப்படற மனுஷாளை இந்த மாட்டுங்காவிலே நான் பார்த்ததில்லே" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. "பைத்தியம் மாதிரி பேசாதே" என்றேன். "நான் பைத்தியம்னா நீங்க ஏன் பேப்பரைத் தலைகீழா வெச்சுண்டிருக்கேள்?" என்று கேட்டுவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள். தலைகீழாக இல்லை. ஆனாலும் நான் ஒருமுறை பார்த்தேன்.

ஒரு குற்றச்சாட்டு வந்தால் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எதை ஒப்புக்கொள்ளலாம், எதை மறுக்கலாம் என்று பார்ப்பது என் பழக்கம். நேற்று முழுவதும் உன் அம்மாவின் குற்றச்சாட்டை அப்படிப் பார்த்தேன். மறுப்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

இது எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. இந்த முன்னறையில் உட்கார்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் தொழில் செய்தேன். வாடகை வழக்கு, உயில், பாகப்பிரிவினை. நான் எழுதிக் கொடுத்த மனுக்களை வைத்துக்கொண்டு மற்றவர்கள் கோர்ட்டில் முழங்கினார்கள். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து என் வாக்கியங்கள் இன்னொருவர் குரலில் வருவதைக் கேட்டேன். அதில் எனக்குக் குறை இருந்ததில்லை, அல்லது இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நீ கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு என்னோடு வரத் தொடங்கினாய். கொஞ்ச நாளில் தாராவியிலிருந்தும் லேபர் கேம்ப்பிலிருந்தும் ஆட்கள் நம் படியேறினார்கள். கதவைத் திறந்தால், "சின்ன வக்கீல் இருக்காவளா?" "கோர்ட்டுக்குப் போயிருக்கான். உட்காருங்கள். நான் இருக்கிறேனே, என்ன விஷயம், சொல்லுங்கள்." "இல்லய்யா, இருக்கட்டும். அவுகளே வரட்டும்." நாற்காலியில்கூட உட்காராமல் கீழே இறங்கிப் போய், வெற்றிலைக் கடை ஓரத்தில் நின்று உனக்காகக் காத்திருப்பார்கள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நீ தெருமுனையில் திரும்பியதும் அவர்கள் முகம் மாறும். அதைப் பார்க்காமல் இருக்க ஒருநாள் ஜன்னலைச் சாத்தினேன். புழுக்கமாக இருந்தது.

முத்தையா மட்டும் முதலில் என்னிடம்தான் வந்தான். அதனால்தான் அவன் வழக்கைப் பற்றி எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் நாற்காலியிலிருந்து பார்த்தால் அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது.

திருநெல்வேலியின் தெற்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்தவர்கள் அண்ணனும் தம்பியும். அண்ணன் இசக்கிமுத்து தாராவித் தோல் கிடங்கில் வேலை செய்தார். அங்கே ஒரு சந்துக்குள் சுடலைமாடனுக்குச் செங்கல்லும் சாந்தும் வைத்து ஒரு பீடம் எழுப்பியிருந்தார். பூசை அவர்தான். கொடை என்று அவர்கள் சொல்லும் வருஷத் திருவிழாவில் சாமி வந்து ஆடுவதும் அவர்தான். தம்பி முத்தையாவுக்குச் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலையும் குடியிருக்க ஓர் அறையும் கிடைத்தன. போகிற இடத்தில் தன் சாமியையும் வைத்துக் கும்பிட ஆசைப்பட்டான். அவர்கள் வழக்கத்தில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய பீடத்தின் அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய், புது இடத்தில் அதன்மேல் பீடம் எழுப்ப வேண்டும். பிடிமண் என்பார்கள். அந்த மண் இல்லாவிட்டால் புதிதாகக் கட்டியது வெறும் செங்கல். முத்தையா அண்ணனிடம் கேட்டான். அண்ணன் தரமாட்டேன் என்றார். கொடை முடிந்த மறுநாள் மத்தியானம், எல்லோரும் அசந்து தூங்கும்போது, முத்தையா ஓர் இரும்புக் கம்பியால் பீடத்தின் மூலையில் குத்தி மண்ணை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு போய்விட்டான். மூலைச் செங்கல் இரண்டு பெயர்ந்து விழுந்தன. இசக்கிமுத்து எழுந்து பார்த்தார். நேரே போலீசுக்குப் போய், "என் தம்பி சாமிய உடச்சுட்டான்" என்று சொன்னார். அங்கிருந்த மராத்திக்கார அதிகாரி வந்து விழுந்த செங்கல்லைப் பார்த்தார். இந்திய தண்டனைச் சட்டம், இருநூற்றுத் தொண்ணூற்றைந்தாவது பிரிவு. வழிபாட்டுக்குரிய இடத்தையோ புனிதமான பொருளையோ ஒரு மதத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு சேதப்படுத்துவது. இரண்டு வருஷம் வரை சிறை. தண்டனை என்று வந்துவிட்டால் தொழிற்சாலை வேலையும் போகும், அறையும் போகும்.

அண்ணனுக்கு இரண்டே நாளில் கோபம் ஆறிவிட்டது. திரும்பவும் போலீசுக்குப் போய், "எளுதுனதக் கிளிச்சுப் போடுங்கய்யா, எந்தம்பிதான்" என்று கெஞ்சியிருக்கிறார். அது வாபஸ் வாங்கக்கூடிய குற்றம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது சரிதான். இந்தப் பிரிவில் இருவரும் சமாதானமாகிவிட்டோம் என்று சொல்லி வழக்கை முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. ஒருவன் வயிற்றெரிச்சலில் சொன்னது சர்க்காரின் வழக்காகிவிட்டது.

முத்தையா என் முன்னால் உட்கார்ந்தபோது நான் வழக்கம்போல் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். அவன் ஊரில் ஆரம்பித்தான். சாமி எப்படி வந்தது, அண்ணன் எப்படிக் கொண்டுவந்தார் என்று எங்கேயோ போனான். "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்" என்றேன். மூன்று முறை சொன்னேன் என்று நினைக்கிறேன். அவன் வாயை மூடிக்கொண்டான். அவன் தோண்டியதை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. அண்ணன் மனைவி, அவன் துணி முடிச்சோடு சந்துமுனையைத் தாண்டிப் போனதைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆகவே தோண்டவில்லை என்று மறுத்துவிட வேண்டும், நிரூபிப்பது அவர்கள் பாடு என்று நான் முடிவு செய்தேன். அது இன்றைக்கும் தவறான முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் முத்தையா தலையை ஆட்டினான். "மண்ணு எடுக்கலேன்னு நான் எப்படிய்யா சொல்லுவேன்? அப்படிச் சொன்னா செம்பூர்ல சாமி இல்லேன்னுல்ல ஆயிரும்." "கோர்ட்டில் மட்டும் சொன்னால் போதும்" என்றேன். "சாமிக்குக் கோர்ட்டு வேறயா, வீடு வேறயா?" என்று கேட்டான். பிடிவாதக்காரன் என்று நினைத்தேன். நீ கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். "அண்ணாச்சி, வாங்க, கீழே போய் டீ குடிச்சிட்டு வரலாம்" என்று அவனை அழைத்துக்கொண்டு போனாய். அண்ணாச்சி! அந்த வார்த்தையை நீ எங்கே கற்றுக்கொண்டாய்? நம் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. திரும்பி வந்தபோது அவன் உன் கட்சிக்காரனாகி இருந்தான்.

அன்று மாலை நமக்குள் நடந்த வாக்குவாதத்தை நான் மறக்கவில்லை. "தோண்டினதை ஒத்துக்கலாம் அப்பா. ஏன் தோண்டினார்னு சொல்லலாம்" என்றாய். நான் சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். அந்தப் பிரிவில் இரண்டு கிளைகள் இருக்கின்றன. அவமதிக்கும் நோக்கம் ஒன்று. மற்றவர்கள் அதை அவமதிப்பாகக் கருதுவார்கள் என்று தெரிந்தே செய்வது இன்னொன்று. நோக்கம் பக்திதான் என்று காட்டி முதல் கிளையிலிருந்து தப்பலாம். அண்ணன் முடியாது என்று சொன்ன பிறகு எடுத்தவன் இரண்டாவது கிளையில் மாட்டிக்கொள்வான். "அவன் வாயாலேயே அவனை உள்ளே அனுப்பப் போகிறாய்" என்றேன். நீ அதற்குப் பதில் சொல்லவில்லை. பதில் இல்லை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது.

பிறகு தாதர் மாஜிஸ்திரேட் கோர்ட். நீ முன்னால் நின்றாய், நான் உனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அரசுத் தரப்பில் இசக்கிமுத்து கூண்டில் ஏறினார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. தம்பி இருந்த பக்கம் பார்க்கவேயில்லை. நீ எழுந்து, பீடம் உடைந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், "அண்ணாச்சி, இந்தச் சாமி தாராவிக்கு எப்படி வந்துது?" என்று கேட்டாய். என்ன பதில் வரும் என்று தெரியாத கேள்வியை எதிர்த் தரப்புச் சாட்சியிடம் கேட்காதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். கையை நீட்டி உன் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையால் என் விரல்களை மெதுவாக எடுத்துவிட்டாய்.

இசக்கிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. "எப்படி வந்துதா? நாந்தான் கொண்டாந்தேன். ஊர்ல கோயிலடியில பிடிமண் எடுத்து, தலையில வச்சு, ரயில்ல மூணு ராத்திரி கீழ எறக்காம கொண்டாந்தேன்." மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் நீ அடுத்ததைக் கேட்டாய்: "ஊர்ல பூசாரி குடுத்தாரா?" "அவனா? அவன் குடுப்பானா? அவன்கிட்ட எவன் கேட்டான்! அவன் சாப்பிடப் போன நேரத்துல எடுத்துட்டு வந்துட்டேன்லா." கோர்ட்டில் இருந்த தமிழர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு முதல் தடவையாகத் தம்பியைப் பார்த்தார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பூசாரி உங்கள்மேல் புகார் கொடுத்தாரா?" என்று கேட்டார். "அவன் எதுக்குக் குடுக்கான்? சாமி போகணும்னு நெனச்சா போகும்" என்றார் இசக்கிமுத்து. அவர் சொல்லி முடித்ததும் நீ உட்கார்ந்துவிட்டாய். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் கெட்டிருக்கும். நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

விடுதலை. அந்த மக்களின் வழக்கமே இப்படி இருக்கும்போது, இதை அவமதிப்பாகக் கருதுவார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவன் அறிந்திருந்தான் எனச் சொல்ல முடியாது என்று மாஜிஸ்திரேட் தீர்ப்பில் எழுதினார். நான் மூட முடியாது என்று சொன்ன இரண்டாவது கிளையை நீ ஒரு கிழவரின் பெருமையை வைத்தே மூடிவிட்டாய். பிற்பாடு கேட்டபோது, அந்தக் கதையை அவர் ஒவ்வொரு கொடையிலும் சாமி ஆடும்போது ஊரறியச் சொல்வார், முத்தையா டீக்கடையில் அதைத்தான் முதலில் சொன்னான் என்றாய். என்ன பதில் வரும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. என்னிடமும் அவன் அதைத்தான் சொல்லத் தொடங்கியிருந்தான்.

அன்றிலிருந்து ஒரு விஷயம் என்னை விடவில்லை. உன் கோட்டை இழுத்த கை எதற்காக இழுத்தது? ஆபத்தான கேள்வி என்று பயந்து இழுத்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். ஆனால் நீ என் விரல்களை எடுத்துவிட்ட அந்தக் கணத்தில் எனக்குள் ஓர் ஆசை எழுந்தது. பதில் தப்பாக வரட்டும் என்ற ஆசை. முத்தையா சிறைக்குப் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, அது நிச்சயம். நீ ஒரு தடவை திரும்பி என்னைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டும் ஒன்றாகவே முடிந்திருக்கும் என்பதை அப்போது யோசிக்கவில்லை. நோக்கத்தை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று இத்தனை வருஷம் மனுக்களில் எழுதியிருக்கிறேன். என் நோக்கம் எனக்கே தெரியவில்லை.

தீர்ப்பு வந்து சில நாட்களுக்குப் பிறகு ஒரு காலையில் நீ கோர்ட்டுக்குப் போயிருந்தபோது இசக்கிமுத்து நம் படியேறி வந்தார். இதை உன்னிடம் நான் சொல்லவேயில்லை. கதவைத் திறந்ததும், "பெரிய வக்கீலய்யாவப் பாக்கணும்" என்றார். இந்த வீட்டில் அந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! உன் அம்மாவை இரண்டாம் தடவையும் காபி போடச் சொன்னேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "தம்பி செம்பூர்ல கொடை குடுக்கான். வந்து கூப்பிட்டான். போனா சந்துல எல்லாவனும் சிரிப்பான். போவலேன்னா சாமிக்கு ஆகாது. நீங்க படிச்சவுக, சொல்லுங்க." "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்றேன். "எனக்கு வயிறு எரியுது. அத எந்தக் கோர்ட்டுலய்யா சொல்ல?" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு கிழவர்கள் காபி தம்ளரை வைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து உன் அம்மா என்ன நினைத்தாளோ.

அவர் செம்பூர்க் கொடைக்குப் போனார். முத்தையா பிற்பாடு படியில் நின்று சொன்னான்: "கடைசில ஓரமா நின்னாரு. மேளம் கூடினதும் பாத்தா, சாமி அவருமேலதான் வந்துது. என்மேல வரல. நான் கால்ல விழுந்து திருநீறு வாங்கிக்கிட்டேன்." உனக்கு அது நல்ல முடிவாகத் தெரிந்தது, சிரித்துக்கொண்டே கேட்டாய். எனக்கு இசக்கிமுத்து மேலும் பொறாமையாக இருந்தது. அவருக்கு அங்கே ஆடத் தெரிந்திருந்தது. உன் ஆபீஸுக்கு வந்து நான் என்ன ஆடப் போகிறேன்?

அப்பா எழுதும் கடிதத்தில் நாலு புத்திமதி இருக்க வேண்டும். கட்சிக்காரனை முழுதாகப் பேச விடு என்று எழுதலாம் என்றால், நீ அப்படித்தான் செய்கிறாய். வாயைச் சமயத்தில் மூடு என்றால், அதுவும் உனக்குத் தெரிகிறது. தேடித் தேடி ஒன்றே ஒன்று கிடைத்தது. அன்று கோர்ட்டில் எழுந்த சிரிப்பை நம்பிவிடாதே. வேறொரு மாஜிஸ்திரேட், வேறொரு ஊர், அண்ணன் தம்பி என்று இல்லாமல் இரண்டு மதத்துக்காரர்கள் என்று இருந்தால், அதே கேள்வி வெளியே கல் விழ வைக்கும். மதம் புண்பட்டது என்று ஒருவன் வந்து நின்றால் உள்ளே வேறு ஏதோ புண் இருக்கிறது என்று நீ உடனே மோப்பம் பிடிக்கிறாய். அது உன் கெட்டிக்காரத்தனம். ஆனால் முதலில் சொன்ன புண்ணும் பொய்யில்லை. பெயர்ந்து கிடந்த செங்கல்லைப் பார்த்தபோது இசக்கிமுத்து அழுதிருக்கிறார். நீ அதைக் கேட்கவில்லை, வழக்குக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டாய். நான் கேட்டேன், அன்று காபி குடிக்கும்போது. உன்னைவிட ஒரு விஷயத்தில் நான் கூடுதலாகத் தெரிந்துகொண்டேன் என்பதை எழுதும்போது கை கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, பார். இது எச்சரிக்கையா, குறை கண்டுபிடிப்பதா என்று நீயே தீர்மானித்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில்: வருகிறேன். விளக்கேற்றுகிறேன். பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் அது நடக்கவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன். உன் அம்மாவும் உன் மனைவியும் காலையிலேயே உன்னோடு டாக்ஸியில் போகட்டும். நான் குர்லாவில் வண்டி மாறித் தனியாக வருவேன். ஸ்டேஷனுக்கு யாரையும் அனுப்பாதே, நீயும் வந்து நிற்காதே. வெளியே வந்து அங்கே இருக்கிற கடைக்காரனிடம் உன் பெயரைச் சொல்லி, அந்த வக்கீல் ஆபீஸ் எங்கே என்று கேட்கப் போகிறேன். அவனுக்குத் தெரிந்திருந்தால் எப்படிச் சொல்கிறான் என்று கேட்க வேண்டும். தெரியாது என்று சொன்னால் எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை எனக்கு விட்டுக்கொடு. அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரனிடம் நீ யார் என்று நானே நின்று சொல்லிவிட்டு வருகிறேன். கொஞ்சம் தாமதமானால் விளக்கை எனக்காக வைத்திரு.

உன் அப்பா